சதையும் தசைநாணும் ஆறுவதற்கு எதிர்ப்புக் கலங்களைத் திருப்பிவிடும் மருந்து: வன்னியில் எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

வட்டக்கச்சி வயல் | ஞாயிறு, இரவு 8.12

வணக்கம். கரப்பந்து விளையாடி வளர்ந்தவன், இப்போது முழுநேரமும் வயல். சிறுபோக அறுவடைக்குப் பிறகு இடது குதிக்காலுக்கு மேலே இருக்கும் அந்தத் தடித்த நரம்பு வீங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்கி நாலு அடி வைக்க ஏலாமல் போனது. ஒரு தனியார் இடத்தில் காட்டினேன். ஸ்கான் எதுவும் எடுக்கவில்லை, நேரே ஸ்டீரொயிட் ஊசி போட்டார்கள். நோ இருந்த இடம் தெரியாமல் போனது. வரம்பு வெட்டினேன், பின்னேரங்களில் பந்தும் அடித்தேன். பிறகு திரும்பி வந்த நோ பழையதை விட மோசம். இப்போது இரண்டாவது ஊசிக்கு வரச் சொல்கிறார்கள்.

மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். காயப்பட்ட சதைக்குள்ளேயே மருந்தை நுண்ணிய மணிகளாக வைத்து, உடம்பின் நோய் எதிர்ப்புக் கலங்களைத் திருத்த வேலைக்குத் திருப்புகிறார்கள் என்று எங்கேயோ வாசித்துவிட்டு வந்து சொன்னாள். கிருமியோடு சண்டை பிடிக்கும் கலத்துக்கும் பழுதான நரம்புக்கும் என்ன தொடர்பு? இது கிளிநொச்சிக்கு வருமா? காலபோக விதைப்பு வேறு நெருங்குகிறது. ஊசியைப் போடவா, விடவா?

பிசியோ கிளி | ஞாயிறு, இரவு 9.05

அண்ணை, போடு, போடாதே என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. உங்கள் காலைத் தொட்டுப் பார்த்தவரோடு கதைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று சொல்கிறேன். நீங்கள் நரம்பு என்று சொல்வது குதிக்கால் தசைநாண், சதையை எலும்போடு இணைக்கும் நாண். அதற்குள் ஸ்டீரொயிட் போனால் நாண் அறும் ஆபத்து உண்டு. அதனால்தான் எலும்பியல் நிபுணர்கள் பலர் அந்த இடத்தில் ஊசி போடவே தயங்குவார்கள். "நாண் பாதி கிழிந்திருக்கிறதா என்று ஸ்கானில் பார்த்தீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கானே போதும்.

ஊசி போட்டுச் சுகமாகிப் பிறகு மோசமாவது உங்களுக்கு மட்டும் நடந்த விசயம் இல்லை. அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில் முழங்கை நாண் நோவுள்ள 165 பேரை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை 2013இல் வெளிவந்தது. ஸ்டீரொயிட் போட்டவர்களில் 54 வீதமானோருக்கு ஒரு வருடத்துக்குள் நோ திரும்ப வந்தது. மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 12 வீதமானோருக்குத்தான் வந்தது. முழங்கையும் குதிக்காலும் ஒன்றல்ல, ஆனால் நாண் என்ற பொருள் இரண்டிலும் ஒன்றுதான்.

காரணம் இது. காயப்பட்டதும் வரும் சிவப்பும் வீக்கமும் சூடும் திருத்த வேலையின் முதல் கட்டம். முதல் சில நாட்கள் அழற்சி. பிறகு சில கிழமைகளுக்கு நாண் கலங்கள் அவசரமாகக் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பின்னும். அவை மெல்லியவை, ஒழுங்கில்லாமல் கிடப்பவை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில், சில வேளை ஒரு வருடம் தாண்டியும், அந்த இழைகள் இழுவை வரும் திசையில் அடுக்கப்பட்டுத் தடிக்கும். ஸ்டீரொயிட் முதல் கட்டத்தை அணைப்பதோடு கொலாஜன் பின்னுவதையும் குறைக்கிறது. நோ தெரியாததால் நாங்கள் மூட்டை தூக்குகிறோம். திருந்தாத நாணின் மேல் முழுப்பாரமும் விழுகிறது.

புது மருந்துகளைப் பற்றி விவரம் தெரிந்த ஒரு தங்கச்சி இந்தத் தளத்தில் இருக்கிறார். அவர் வரட்டும்.

பரியாரி பேரன் | ஞாயிறு, இரவு 10.31

என் அப்பப்பா முறிவு நெரிவு வைத்தியம் பார்த்தவர். சுளுக்கிய அன்றைக்கே எண்ணெய் போட்டு உருவ விடமாட்டார். இலை வைத்துக் கட்டி, காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துவிட்டு, "வீக்கம் தன் வேலையைச் செய்யட்டும்" என்பார். சில நாள் கழித்துத்தான் நோவெண்ணெய், அதுவும் மெல்ல மெல்ல. அவசரப்படுகிற ஆட்களை ஏசுவார்.

இப்போது சுளுக்கினால் பார்மசியில் டைக்குளோபினாக் வாங்கி விழுங்கிவிட்டு அடுத்த நாளே வேலைக்குப் போகிறோம். அந்தக் குளிசையும் ஸ்டீரொயிட் செய்வதையேதான் செய்கிறதா? ஐஸ் வைப்பதும் கூடாதா?

பிசியோ கிளி | திங்கள், காலை 6.20

அதே அளவுக்கு இல்லை. டைக்குளோபினாக் வகைக் குளிசைகள், நோவையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. 2017இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் புளோவின் குழு எலிகளில் ஒன்றைக் காட்டியது: புரோஸ்டகிளாண்டின் ஈ2 தான் காயப்பட்ட சதையில் தூங்கிக்கிடக்கும் மூலக்கலங்களை (புதுச் சதையை உண்டாக்கும் கலங்களை) எழுப்புகிறது, அதைத் தடுத்தால் சதை பலம் குறைந்து ஆறுகிறது. மனிதர் ஓரிரு நாள் குளிசை போடுவதால் பெரிய கெடுதல் இல்லை. கிழமைக்கணக்கில் விழுங்கிவிட்டு அதன் பலத்தில் பாரம் தூக்குவதுதான் பிழை. நீரிழிவு, பிரசர், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் தாங்களாக வாங்கிப் போடவே வேண்டாம். நோ தாங்க முடியாவிட்டால் பனடோல் இருக்கிறது.

ஐஸ்: நோவைக் குறைக்கக் கொஞ்ச நேரம் வைக்கலாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நாலையும் 1978இல் பிரபலப்படுத்திய அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கினே, ஐஸ் ஆறுதலைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் எழுதினார். உங்கள் அப்பப்பா கட்டி உயர்த்தி வைத்துக் காத்திருந்ததில் பிழை காண எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எலும்பு முறிந்திருக்கிறதா, நாண் முழுக்க அறுந்துவிட்டதா என்று பார்க்காமல் கட்டக்கூடாது. அது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன். கிளினிக்குக்கு நேரமாகிறது.

ஆய்வுக்கூடம் முல்லை | திங்கள், பிற்பகல் 1.48

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் முல்லைத்தீவு. வெளிநாட்டில் உயிர்ப்பொருள் ஆய்வு செய்கிறேன், சதைக் காயம்தான் என் துறை. வட்டக்கச்சி அண்ணையின் மகளுக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன்.

சதை கிழிந்த சில மணி நேரத்தில் நியூத்திரோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் வந்து குவியும். அடுத்த ஓரிரு நாளில் குருதியிலிருந்து மொனோசைற் என்ற கலங்கள் உள்ளே இறங்கி மக்ரோபேஜ் ஆகும். அவை முதலில் செத்த நார்களைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்யும். அந்தச் சமயத்தில் அவை விடும் செய்திகள்தான் சதையின் மூலக்கலங்களைப் பெருகச் சொல்கின்றன. (அந்த மூலக்கலங்களை 1961இல் அலெக்சாண்டர் மோரோ என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தவளைச் சதையைப் பார்க்கும்போது கண்டார். நாருக்கு வெளியே ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தன.) பிறகுதான் முக்கியமான இடம் வருகிறது. சுத்தம் செய்த அதே மக்ரோபேஜ்கள் குணம் மாறுகின்றன. அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரந்து, பெருகிய கலங்களை "போதும், இனி ஒன்றுசேர்ந்து நாராகுங்கள்" என்று திருப்புகின்றன. இதை 2007இல் பிரான்சில் பெனடிக்ற் ஷாசோவின் குழு எலிகளில் வடிவாகக் காட்டியது. 2013இல் ஹார்வர்ட்டில் இன்னொன்று தெரியவந்தது: காயப்பட்ட சதைக்குள் ஒழுங்குபடுத்தும் ரி-கலங்கள் என்ற எதிர்ப்புக் கலங்களின் ஒரு தனிக் கூட்டம் வந்து சேர்கிறது, அதை எடுத்துவிட்டால் சதை சரியாக ஆறாது.

ஆகவே இந்தக் கலங்களை முதல் நாளே துரத்தினால் குப்பை அள்ளப்படாமல் கிடக்கும். முதல் கட்டத்துக் கலங்கள் போகாமல் நின்றால் அந்த இடத்தில் சதைக்குப் பதில் தழும்பும் கொழுப்பும் வரும். தோள் நாண் அறுந்து பல மாதம் கவனிக்காமல் விட்டவர்களின் தோள் சதைக்குள் கொழுப்பு ஏறிப்போய் இருப்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அடிக்கடி பார்ப்பார்கள். நாணைத் தைத்தாலும் அந்தச் சதை பழைய பலத்துக்கு வராது, பெரிய கிழிவென்றால் தைத்த நாணும் திரும்பக் கிழியும் வாய்ப்பு அதிகம்.

நாண் இன்னும் கஷ்டம். அதில் கலங்கள் குறைவு, குருதியோட்டமும் குறைவு. நாட்பட்ட நாண் நோவில் அழற்சியே இல்லை, வெறும் தேய்மானம்தான் என்று கனகாலம் படிப்பித்தார்கள். கிளாஸ்கோவில் நீல் மில்லரின் குழு போன்றவர்கள் நோயாளிகளின் நாணிலேயே எதிர்ப்புக் கலங்களைக் கண்ட பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

இனி மருந்துக்கு வருவோம். அழற்சியைத் திருத்தப் பக்கம் திருப்பும் இன்ரலூக்கின்-4, இன்ரலூக்கின்-10 போன்ற புரதங்கள் எங்களுக்குத் தெரியும். ஊசியால் போட்டால் அவை சீக்கிரமாகக் கழுவுப்பட்டுப் போய்விடும். உடம்பு முழுக்கக் கொடுத்தால் எங்கோ இருக்கும் கிருமிக்கு வாசல் திறந்துவிட்டதாகிவிடும். அதனால் மருந்தைக் காயத்திலேயே பிடித்து வைத்து மெல்ல விட ஒரு வழி தேவை. ஆஸ்பத்திரி வோட்டில் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபரினைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பல புரதங்களை இறுகப் பிடிக்கும் இயல்புள்ளது. அதையே நுண்மணியாக்கிப் புரதத்தை ஏற்றி வைத்தால் நாட்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இன்னொரு வழி, உடம்பில் கரையும் பிளாஸ்ரிக்கை முடியை விட மெல்லிய இழையாக இழுத்து அதற்குள் மருந்தை வைப்பது. ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவகத்தில் எட்வர்ட் பொட்ச்வேயின் குழு அப்படிப்பட்ட இழைகளில் பிங்கொலிமொட் என்ற மருந்தை வைத்துச் சதை வெட்டி எடுக்கப்பட்ட எலிகளில் பார்த்தது. திருத்தும் வகை மொனோசைற்கள் அதிகம் வந்தன, நார்களும் பெரிதாக வளர்ந்தன. அந்த மருந்து 2010 முதல் ஒரு நரம்பு மண்டல நோய்க்குக் குளிசையாக இருக்கிறது. அதன் மூலம் பூச்சிகளில் வளரும் ஒரு பூஞ்சணம், சீன வைத்தியத்தில் பழையது. பரியாரி பேரனுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

அண்ணைக்கு மிகவும் பொருந்துவது கடைசி உதாரணம். 2022இல் ஹார்வர்ட்டில் ஒரு பக்கம் ஒட்டும், மறு பக்கம் வழுக்கும் ஒரு ஜெல் செய்தார்கள். ஒட்டும் பக்கம் நாணைப் பிடித்துக்கொள்ளும், வழுக்கும் பக்கம் சுற்றியுள்ள இழையத்தோடு உராயாமல் விடும். அதற்குள் வைத்த மருந்து ரையம்சினலோன். அது ஸ்டீரொயிட்! குதிக்கால் நாண் அறுந்த எலிகளில் அது மெல்ல மெல்ல வெளிவந்தபோது மக்ரோபேஜ்கள் திருத்தும் பக்கம் திரும்பின, நாணின் மூலக்கலங்கள் வந்து சேர்ந்தன. ஊசியில் ஒரேயடியாகக் கொட்டினால் கெடுக்கும் மருந்து வகை, அளவும் வேகமும் மாறினால் வேறு வேலை செய்கிறது.

வட்டக்கச்சி வயல் | திங்கள், இரவு 7.55

தங்கச்சி, மகளும் நானும் சேர்ந்திருந்து இரண்டு தரம் வாசித்தோம். இரணைமடுக் குளத்துத் துருசை (மதகை)த் திறந்து பயிருக்குத் தேவையான அன்று வாய்க்காலில் விடுவதும் அதே தண்ணீர், அணையை மேவி வந்து வயலை அள்ளிக்கொண்டு போவதும் அதே தண்ணீர். எனக்கு இப்படி விளங்கியது, சரியா?

ஊசிக்குப் போகவில்லை. ஸ்கானுக்குக் கடிதம் கேட்டிருக்கிறேன்.

ஆய்வுக்கூடம் முல்லை | திங்கள், இரவு 8.10

மிகச் சரி அண்ணை.

மாங்குளம் சந்தி | திங்கள், இரவு 9.40

எல்லாம் நல்லாக இருக்கிறது. ஆனால் தங்கச்சி எழுதியதில் எத்தனை தரம் "எலி" வருகிறது என்று பாருங்கள். எலிக்கு எல்லாம் சுகமாகிறது, மனிதனுக்கு வரும்போது கதை முடிந்துவிடுகிறது. 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரியில் சாதாரண மருந்துக்கே வெளியே துண்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒட்டும் ஜெல்லும் நுண்மணியும் எங்கள் பக்கம் எப்போது எட்டிப்பார்க்கும்? ஆட்களுக்கு ஆசை காட்டி என்ன பயன்?

தியேட்டர் மிஸ் | செவ்வாய், காலை 5.50

தம்பி, கோபம் நியாயம். நான் ஓய்வு பெற்ற தாதி, சத்திரசிகிச்சைக் கூடத்தில் கன காலம் நின்றவள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தங்கச்சி சொல்லும் கரையும் பிளாஸ்ரிக் எங்கள் கைக்கு எப்போதோ வந்துவிட்டது. விக்ரில் நூல் தெரியும்தானே, ஊதா நிறம். சிசேரியனில் உள்ளே தைப்பது அந்த நூலைக் கொண்டுதான். 1970களிலிருந்து உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். இரண்டு மாதம், இரண்டரை மாதத்தில் உடம்பே கரைத்துவிடும், எடுக்கத் தேவையில்லை. சில நுண்மணிகள் செய்வதும் அதே குடும்பத்துப் பொருளில்தான். முல்லைத்தீவுத் தாய்மாரில் எத்தனை பேரின் வயிற்றில் அது கரைந்துபோயிருக்கும்.

ஆய்வுக்கூடம் முல்லை | செவ்வாய், காலை 9.15

நன்றி மிஸ், எனக்கு வாய்ப்பாகப் போயிற்று. மாங்குளம் அண்ணை, மனிதரில் வந்ததும் ஒன்று இருக்கிறது. அதே வகைப் பொருளில் ரையம்சினலோனை நுண்மணியாக்கி மூட்டுக்குள் போடும் சில்ரெட்டா என்ற மருந்தை 2017இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். முழங்கால் தேய்மான நோவுக்கு மட்டும்தான், நாணுக்கு இல்லை. நாணுக்கும் சதைக்கும் மேலே நான் எழுதியவை இன்றைக்கு விலங்குப் பரிசோதனைக் கட்டத்தில்தான் இருக்கின்றன. எலியின் நாண் சிறியது, அதன் மேல் ஏறும் பாரமும் சிறியது, அது எங்களை விட வேகமாக ஆறும். மனிதனில் பலிக்காமல் போன நம்பிக்கைகளும் உண்டு. சொந்த இரத்தத்திலிருந்து, அது உறைய உதவும் குருதிச்சிறுதட்டைப் பிரித்துக் குதிக்கால் நாணுக்குப் போடுவதைப் பெரிதாகப் பேசினார்கள். நெதர்லாந்தில் 54 பேரில் செய்து 2010இல் வெளிவந்த பரிசோதனையில் அது உப்புநீர் ஊசியை விட மேலாக இருக்கவில்லை.

ஆசை காட்ட நான் எழுதவில்லை. எதிர்ப்புக் கலங்கள் திருத்த வேலை செய்கின்றன என்ற அறிவு இன்றைக்கே பயன்படும். தேவையில்லாத ஊசியைத் தள்ளிப்போட, குளிசையைக் குறைக்க, சீனியைக் கட்டுப்படுத்த. நீரிழிவு உள்ளவரின் மக்ரோபேஜ்கள் முதல் கட்டத்திலேயே சிக்கி நிற்கும், சீனி கொலாஜனிலும் ஒட்டி அதை விறைக்கப் பண்ணும். குதிக்கால் நோவென்று வருபவர் ஒருமுறை சீனி பார்க்கவேண்டும் என்பது எந்த நுண்மணிக்கும் காத்திருக்கத் தேவையில்லாத மருத்துவம்.

பிசியோ கிளி | செவ்வாய், இரவு 8.30

தங்கச்சி சொன்னதோடு இன்னொன்று. சிறுநீர்க் கிருமிக்கும் வயிற்றோட்டத்துக்கும் கொடுக்கும் சிப்ரோபிளொக்சசின் குளிசை நாணைப் பலவீனப்படுத்தி அறுக்கக்கூடும். 2008இலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்குக் கடும் எச்சரிக்கை போட்டது. 60 வயது தாண்டியவர்களுக்கும் ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூட. அந்தக் குளிசை போடும் நாட்களில் குதிக்கால் நொந்தால் டொக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

முழுக்க அறுந்தால் எப்படித் தெரியும் என்று எழுதுவதாகச் சொன்னேன். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும், சிலருக்குச் சத்தமும் கேட்கும். ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கெண்டைக்கால் சதையைக் கையால் பிழியுங்கள். பாதம் கீழ்நோக்கி அசைந்தால் நாண் பெரும்பாலும் தொடர்பில் இருக்கிறது. அசையாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எண்ணெய் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அரிவாள் பட்டு விரல் மடியாமல் போனாலும் அப்படித்தான். வெளித்தோலை மட்டும் தைத்துவிட்டு வீட்டில் இருந்தால் அறுந்த நாண் உள்ளே இழுபட்டுப் போய்விடும். சில கிழமை கழித்து வந்தால் நேராகத் தைக்க முடியாமல் வேறு இடத்து நாணை எடுத்து வைக்கும் நிலை வரும். அறுவடைக் காலத்தில் இப்படி வரும் பிள்ளைகளைப் பார்க்க மனம் வெந்துபோகும்.

வட்டக்கச்சி அண்ணைக்கு: ஸ்கானில் கிழிவு இல்லை என்றால் செய்யவேண்டியது படியில் குதியை இறக்கும் பயிற்சி. 1998இல் சுவீடனில் ஹோகன் அல்பிரட்சன் வகுத்தது. படி விளிம்பில் முன்பாதம் மட்டும் நிற்க, நல்ல காலால் எம்பி உயர்ந்து, நோகும் காலால் மெல்லக் கீழே இறங்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 தரம் வீதம் மூன்று முறை, கொஞ்சம் மடக்கி அதே அளவு. காலையும் மாலையும், 12 கிழமை. கொஞ்சம் நோகும், அது பரவாயில்லை. இறங்கும்போது எண்ணி மூன்று வரை எடுங்கள், தடாலென்று விழ விடாதீர்கள். நோ குதி எலும்பிலேயே ஒட்டியிருந்தால் படி வேண்டாம், சம நிலத்தில் செய்யுங்கள். நாணுக்குள் இருக்கும் கலங்கள் இழுவையை உணர்ந்துதான் கொலாஜனை அடுக்குகின்றன.

முள்ளியவளை அக்கா | புதன், இரவு 9.22

நான் இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். என் தம்பிக்கு 2009இல் ஷெல் பட்டது. வலது கெண்டைக்கால் சதையில் பெரும்பகுதி போய்விட்டது. காயம் ஆறியது, ஆனால் அந்த இடம் பள்ளமாக, தோல் எலும்போடு ஒட்டினமாதிரி இருக்கிறது. குதி நிலத்தில் முட்டாது, முன்பாதத்தில்தான் நடக்கிறான். மாரி வந்தால் இரவெல்லாம் விறைப்பு. உள்ளே இன்னும் பீஸ் (ஷெல் துண்டு) இருக்கிறது. சைக்கிள் கடை வைத்துக் குடும்பத்தைப் பார்க்கிறான், ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. "ஆறின காயத்துக்கு இனி என்ன" என்று பல வருடத்துக்கு முன் ஒரு இடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவன் எங்கேயும் போகவில்லை.

தங்கச்சி, நீங்கள் சொல்லும் இந்த மருந்து சதையைத் திரும்ப வளர்க்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூடம் முல்லை | வியாழன், பிற்பகல் 12.40

அக்கா, உண்மையையே சொல்கிறேன். போன சதையை முழுதாக வளர்க்கும் மருந்து இன்றைக்கு உலகில் எங்கும் இல்லை.

ஒரு சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால் மூலக்கலங்களால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது, தழும்பு வந்து மூடிவிடும். எலிப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை காயம் செய்த அன்றோ அதை ஒட்டியோ மருந்தை வைப்பவை. தம்பியின் காலில் அந்த முதல் நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன. குணம் மாற்றச் சொல்லிக் கேட்க அங்கே புதிதாக வந்த கலங்கள் இல்லை, இறுகிய தழும்புதான் இருக்கிறது.

ஆனாலும் பழைய காயத்தில், மனிதரில், ஒன்று நடந்திருக்கிறது. பிற்ஸ்பேர்க்கில் ஸ்டீபன் படிலாக்கின் குழு 2014இல் வெளியிட்டது. காயப்பட்டு ஆறு மாதமாவது கழிந்த ஐந்து பேர். முதலில் உடற்பயிற்சியால் இதற்கு மேல் முன்னேற்றம் இல்லை என்ற நிலை வரும்வரை பயிற்சி கொடுத்தார்கள். பிறகு தழும்பை வெட்டி எடுத்து, பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து கலங்களை முழுக்கக் கழுவி எடுத்த ஒரு சவ்வை அந்த இடத்தில் தைத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பப் பயிற்சி. ஐந்தில் மூன்று பேருக்குப் பலத்திலோ செயலிலோ 20 வீதத்துக்கு மேல் முன்னேற்றம். வந்த புதுச் சதை சின்னத் தீவுகளாகத்தான் இருந்தது. தழும்பை விடுவித்ததாலும் பயிற்சியாலும் வந்த பலன் எவ்வளவு, சவ்வால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 2016இல் ஜெனிபர் எலிசெவ், கெய்ற்லின் சாட்லர் ஆகியோர் எலிகளில் காட்டியது என்னவென்றால், இந்த மாதிரிச் சவ்வுகள் வேலை செய்வதே எதிர்ப்புக் கலங்களால்தான். உதவி ரி-கலங்களில் ஒரு வகை வந்து இன்ரலூக்கின்-4 விட்டால்தான் திருத்தம் நடக்கிறது. அந்தக் கலங்கள் இல்லாத எலியில் சவ்வு சும்மா கிடக்கிறது.

ஆகவே வழி ஒன்று தெரிகிறது: தழும்பைத் திறந்து, அந்த இடத்தைத் திரும்பப் புதுக்காயம் ஆக்கி, அப்போது கலங்களை வழிநடத்துவது. தம்பிக்கு அதைச் செய்துதர இன்று யாரும் இல்லை. நான் இந்தத் துறைக்கு வந்ததே எங்கள் ஊரில் தம்பியைப் போல நடப்பவர்களைப் பார்த்துத்தான். புதுக்காயத்திலேயே எல்லா ஆய்வும் நிற்பது எனக்கு ஏற்கவே முடியாத விசயம். போர்க்காயத்தோடு வாழ்பவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது பழைய காயம். இதைக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், இனியும் கேட்பேன்.

யாழ் வீதி | வியாழன், பிற்பகல் 3.05

அக்கா, இந்தியாவில் ஒரு இடத்தில் மூலக்கல ஊசி போட்டுச் சதை வளர்க்கிறார்கள் என்று முகநூலில் விளம்பரம் பார்த்தேன். செலவு கூடத்தான், ஆனால் விசாரித்துப் பார்க்கலாமே?

ஆய்வுக்கூடம் முல்லை | வியாழன், பிற்பகல் 3.30

தயவுசெய்து வேண்டாம். பழைய போர்க்காயத்தில் ஊசியால் சதையை வளர்ப்பதாக எவர் விற்றாலும் அதற்குச் சான்று கிடையாது. யாராவது நகையை அடகு வைத்துப் போக நினைத்தால் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த நாட்டு மருந்து அதிகார சபை இதை இந்த நோய்க்கு அனுமதித்திருக்கிறது? பரிசோதனை என்றால் ஏன் என்னிடம் காசு வாங்குகிறீர்கள்?

பிசியோ கிளி | வியாழன், இரவு 9.10

அக்கா, "இனி என்ன" என்று சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சதை திரும்ப வராமல் இருக்கலாம். குதி நிலத்தில் முட்டாதது சதை இல்லாததால் மட்டும் இல்லை. தழும்பு சுருங்கி, நாண் குறுகி, கணுக்கால் மூட்டும் விறைத்திருக்கும். அதில் எவ்வளவு மீட்கலாம் என்று பார்த்தால்தான் தெரியும். நீட்டும் கட்டுகள், தழும்பை இளக்கும் கைப்பயிற்சி, குதிக்கு உயரம் வைத்த பாதணி, தேவையென்றால் நாணை நீட்டும் சத்திரசிகிச்சை, எல்லாம் இந்த நாட்டிலேயே இருக்கின்றன. மீதியிருக்கும் சதைக்குப் பலம் ஏற்றலாம், இத்தனை வருடம் கழித்தும் அது ஏறும். பிற்ஸ்பேர்க் ஆட்களும் சத்திரசிகிச்சைக்கு முன் அதைத்தான் செய்தார்கள்.

ஒரு முக்கியமான விசயம். பீஸ் இருக்கிறது என்பதை எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதினால் அதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இரும்புத் துண்டென்றால் காந்தத்தில் அசையும், சூடாகும். நாடிக்கோ நரம்புக்கோ பக்கத்தில் இருந்தால் ஆபத்து. தம்பி மாதிரி அமைதியான ஆட்கள் கேட்காவிட்டால் சொல்லவே மாட்டார்கள். இந்தப் பதிவுகளை வாசிக்கும் மற்றவர்களுக்கும்தான் சொல்கிறேன், வன்னியில் எத்தனை பேரின் உடம்பில் இது இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்தானே.

முள்ளியவளை அக்கா | வெள்ளி, காலை 6.45

அவனிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் "விடு அக்கா" என்றான். பிறகு உங்கள் கடைசிப் பதிவை அவனே போனை வாங்கி வாசித்தான். வருகிற கிழமை கிளினிக்குக்கு வரச் சம்மதித்துவிட்டான். பழைய எக்ஸ்ரே ஒன்று உறைக்குள் இருக்கிறது, மங்கிப்போய். அதைக் கொண்டுவரலாமா? வேறு என்ன வேண்டும்?

பிசியோ கிளி | வெள்ளி, காலை 7.02

மங்கினாலும் கொண்டுவாருங்கள், பீஸ் இடம் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடலாம். ஆஸ்பத்திரியால் விட்டபோது கொடுத்த அட்டை இருந்தால் அதுவும், இப்போது போடும் குளிசைகளின் பெட்டிகளும். சீனி பார்த்துக் கனகாலம் என்றால் அன்று காலை சாப்பிடாமல் வரட்டும், அதையும் பார்த்துவிடலாம். அப்புறம், வழமையாகப் போடும் செருப்பு. புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வரவேண்டாம், தேய்ந்த பழையதுதான் தேவை. எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் உயரத்தை அளப்பேன். எட்டு மணிக்கு முதல் வந்தால் வெயிலுக்கு முன் திரும்பலாம்.